மருந்துக்குக் கேட்காத கிருமி: குடத்துத் தண்ணீரைக் காப்பது எப்படி?



வழக்கமாக இந்தப் பகுதியில் உளுந்துக்கு என்ன விதை, மக்காச்சோளத்துக்கு எத்தனை மூட்டை உரம் என்று பேசுவோம். இன்றைக்கு வயல் சங்கதி இல்லை. அடுப்படி ஓரத்தில் இருக்கிறதே தண்ணீர்க் குடம், அதைப் பற்றித்தான் பேச்சு. ஆனாலும் பருத்திக் காய்ப்புழுவும் நடுவில் வரும். ஏன் வருகிறது என்பதைப் போகப்போகத் தெரிந்துகொள்வீர்கள்.

ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக்காரர்களுக்குத் தண்ணீரின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. கிணறு வெட்டினால் பல ஊர்களில் உப்புக் கரிக்கிறது. மழையோ ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. குடிக்கிற தண்ணிக்குத் தாமிரபரணியைத்தான் நம்பியிருக்கிறோம். கோவில்பட்டிக்குச் சீவலப்பேரியிலிருந்து குழாயில் வருகிறது. சீவலப்பேரி எங்கே இருக்கிறது? திருநெல்வேலிக்குக் கீழே. ஆறு ஒரு பெரிய நகரத்தைக் கடந்து, அந்த நகரத்துச் சாக்கடையிலும் ஒரு பங்கை வாங்கிக்கொண்டுதான் அங்கே வந்து சேருகிறது. ஆற்றில் சாக்கடை கலப்பது பற்றிய வழக்கில் 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

உடனே பயந்துவிட வேண்டாம். ஆற்று மணலுக்குள் கிணறு இறக்கித் தண்ணீர் எடுக்கும்போது மணலே பெரும்பங்கு அழுக்கை வடித்துவிடும். அதற்கு மேல் குளோரின் மருந்தும் போடுகிறார்கள். புறப்படுகிற இடத்தைவிட, வந்து சேருகிற வழியில்தான் வில்லங்கம் அதிகம்.

நம் ஊர்களில் குழாயில் தினமும் தண்ணி வருவதில்லை. வருகிற அன்று வந்தால், அப்புறம் சில நாள் குழாய் காலி. காலியாகக் கிடக்கிற குழாய் சும்மா கிடப்பதில்லை. எங்கேயாவது விரிசல் இருந்தால், பக்கத்தில் தேங்கிய சாக்கடையை உள்ளே இழுத்துவிடும். போதாக்குறைக்கு, தண்ணி மெதுவாக வருகிறதென்று வாசலில் குழி தோண்டிக் குழாயைக் கீழே இறக்குகிறோம். அந்தக் குழியில் பாத்திரம் கழுவின தண்ணியும் மாட்டு மூத்திரமும் தேங்கி, குழாய் வாய் அதிலேயே முழுகிக் கிடக்கிறது. சிலர் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். மோட்டார் உறிஞ்சுவது நல்ல தண்ணியை மட்டுமல்ல, விரிசலுக்கு வெளியே நிற்கிற கசடையும் சேர்த்துத்தான். தெருவில் ஒருத்தர் மோட்டார் போட்டால், பக்கத்து வீட்டுக்காரர் குடத்துக்கும் அது போய்ச் சேருகிறது.

இத்தனையும் தாண்டி வீட்டுக்கு வந்த தண்ணீர் வீட்டுக்குள்ளே என்ன ஆகிறது என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் ஆராய்ந்து, 2004-ம் ஆண்டு வெளியிட்டார்கள். வேலூரும் அப்போது நம் ஊர் மாதிரிதான், விட்டுவிட்டுத்தான் தண்ணீர் வரும். வீடுகளில் பிடித்து வைத்த தண்ணீரை நாள் தவறாமல் சோதித்ததில், மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் பிடித்த அன்றைக்கு இருந்ததைவிடப் பிந்திய நாட்களில் கிருமி கூடியிருந்தது. வெளியே இருந்து யாரும் வந்து கலக்கவில்லை. அண்டாவில் கையை விட்டு மோந்ததும், சிறு பிள்ளை டம்ளரை முக்கி எடுத்ததும், வழுவழுவென்று பாசி பிடித்த குடத்தை அலசாமலே மறுபடி பிடித்ததும்தான் காரணம். குழாயில் வரும்போது தண்ணீரில் இருக்கிற குளோரின் வாடையும் ஒன்றிரண்டு நாளில் போய்விடும். அதற்கப்புறம் விழுகிற கிருமிக்குத் தடை சொல்ல ஆளில்லை.

அதே ஆராய்ச்சியில் இன்னொன்றும் தெரிந்தது. பித்தளைப் பாத்திரத்தில் பிடித்து வைத்த வீடுகளில் கிருமி குறைவு. நம் பாட்டிமார் சீதனமாகக் கொண்டுவந்த பித்தளைக் குடத்தையும் செப்புத் தவலையையும் பழைய பாத்திரக்காரனிடம் எடைக்குப் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் குடம் வாங்கினோம். தூக்கச் சுளுவுதான், மறுக்கவில்லை. ஆனால் செம்பு என்ற உலோகம் கிருமியைக் கொல்லும். பெங்களூரில் 2012-ல் வெளியான ஒரு ஆராய்ச்சியில், காலரா, டைபாய்டு, சீதபேதிக் கிருமிகளைத் தண்ணீரில் கலந்து செப்புப் பாத்திரத்தில் 16 மணி நேரம் வைத்தார்கள். வளரக்கூடிய கிருமி ஒன்றுகூட மிஞ்சவில்லை. பித்தளையிலும் செம்பு இருக்கிறது, கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். ஒன்று கவனம்: ஈயம் பூசின பாத்திரத்தில் இந்தப் பலன் கிடைக்காது. தண்ணிக்கு மட்டும் ஈயம் பூசாததை வைத்துக்கொண்டு, புளி போட்டுத் துலக்கி, நன்றாக அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். புளிக்குழம்பு, மோர் எதையும் அதில் ஊற்றி வைக்கக் கூடாது. களிம்பு ஏறிவிடும்.

"ஏன் அண்ணாச்சி, எங்க தாத்தா ஊருணித் தண்ணி குடிச்சே எண்பது வயசு இருந்தாரே?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. தாத்தா இருந்தார். அவரோடு கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், அதில் தங்கினவர்கள் எத்தனை பேர் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 1884-ல் ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய மருத்துவர் காலராக் கிருமியைத் தேடிக் கல்கத்தாவுக்கே வந்தார். நோய் பரவின இடத்தில் சனங்கள் குடிக்கவும் குளிக்கவும் துணி துவைக்கவும் புழங்கின ஒரு குளத்துத் தண்ணியில்தான் அதைக் கண்டார். நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய் இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காலில் கொப்புளம் கிளம்பி, நூல் மாதிரிப் புழு வெளியே வரும். அதுவும் படிக்கட்டுக் கிணறு, ஊருணித் தண்ணி கொடுத்த சீதனம்தான். தண்ணியைத் துணியில் வடிகட்டிக் குடிக்கப் பழகினதும், இறங்கி மோக்கிற கிணறுகளை மாற்றினதும் சேர்ந்து அதை ஒழித்தன. இந்தியாவில் கடைசியாக அந்த நோய் கண்டது 1996-ல்.

அதனால் துணியில் வடிகட்டினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். நரம்புச் சிலந்தியைச் சுமந்து வருவது கண்ணுக்குத் தெரிகிற அளவுள்ள ஒரு தண்ணீர்ப் பூச்சி. அது துணியில் மாட்டும். பேதிக் கிருமி அப்படியில்லை. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் கிருமியை வரிசையாக நிறுத்தலாம். வேட்டித் துணி அதற்கு விரியத் திறந்த வாசல்.

இப்போது காய்ப்புழுவுக்கு வருவோம்.

பருத்திக்குப் பைரித்திராய்டு மருந்துகள் 1980 வாக்கில் வந்தன. ஆரம்பத்தில் ஒரு தெளிப்புக்கே புழு கொத்துக்கொத்தாக விழுந்தது. சனங்கள் வாரம் ஒருமுறை அடித்தார்கள், அரை அளவு கலந்து அடித்தார்கள், இருக்கிற மருந்தையெல்லாம் ஒன்றாகக் கலக்கியும் அடித்தார்கள். 1987-ல் ஆந்திராவில் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் எத்தனை முறை அடித்தும் பச்சைக் காய்ப்புழு அசையவில்லை. பருத்தி போட்டவர்கள் கடனில் முழுகினார்கள். பின்னால் 2002-ல் பி.டி. பருத்தி வந்தது. 2010-லேயே குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் ரகத்தை ஏமாற்றக் கற்றுக்கொண்டது. காரணம் நமக்குத் தெரிந்ததுதான். ஆயிரம் புழுவில் ஒன்றிரண்டு பிறவியிலேயே மருந்தைத் தாங்கும். மற்றதெல்லாம் செத்த பிறகு அந்த ஒன்றிரண்டுதான் குட்டி போட்டுப் பெருகும். சில வருஷத்தில் காட்டில் இருப்பதெல்லாம் அதன் வம்சமாகிவிடும்.

வயிற்றுக்குள் இருக்கிற கிருமிக்கும் இதே கதைதான். கிருமியைக் கொல்ல டாக்டர் எழுதித் தருகிற மருந்துக்கு ஆன்டிபயாட்டிக் என்று பெயர். நாம் என்ன செய்கிறோம்? மெடிக்கலில் போய், "வயித்தால போகுது, ரெண்டு மாத்திரை குடுங்க" என்று கேட்கிறோம். ரெண்டு வேளை போட்டதும் நின்றுவிடுகிறது. மிச்சத்தைப் பரண்மேல் போட்டு வைத்து, அடுத்த மாதம் பிள்ளைக்குச் சளி பிடித்தால் அதில் பாதியை உடைத்துக் கொடுக்கிறோம். அரை அளவு கலந்து தெளிக்கிற வேலைதான் இது. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-ல் நோபல் பரிசு வாங்கின மேடையிலேயே இதைச் சொல்லி எச்சரித்தார். விவரம் தெரியாமல் குறைந்த அளவு மருந்து சாப்பிடுகிறவன் கிருமியைச் சாகடிக்க மாட்டான், பழக்கிவிடுவான் என்பது அவர் சொன்னதன் சாரம்.

காய்ப்புழு ஒரு தலைமுறை பெருக ஒரு மாதம் ஆகும். கிருமிக்குத் தோதான இடம் கிடைத்தால் 20 நிமிஷம் போதும். புழுவுக்குத் தெரியாத இன்னொரு வித்தையும் கிருமிக்குத் தெரியும். நல்ல விதை இருந்தால் பக்கத்துக் காட்டுக்காரருக்கு ஒரு படி கொடுக்கிறோம் இல்லையா? அதுபோல, மருந்தைத் தாங்குகிற சூட்சுமத்தைத் தன் பக்கத்தில் இருக்கிற வேறு சாதிக் கிருமிக்கும் கொடுத்துவிடும். ஒன்றும் செய்யாத சாதுவான குடல் கிருமியிடம் இருந்து டைபாய்டு, சீதபேதிக் கிருமி இந்தச் சூட்சுமத்தை வாங்கிக்கொள்ளலாம். 1972-ல் கோழிக்கோட்டில் டைபாய்டு பரவியபோது, அதற்குக் கண்கண்ட மருந்தாக இருந்த குளோராம்பெனிகால் பலிக்கவில்லை. சோதித்துப் பார்த்தால், அந்தச் சூட்சுமம் கிருமிக்குக் கிருமி கைமாறக்கூடியதாக இருந்தது. பிறகு சிப்ரோபிளாக்சசின் வந்தது. இன்று நம் நாட்டு டைபாய்டுக்கு அதுவும் பெரும்பாலும் கேட்பதில்லை.

தண்ணீருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நாம் சாப்பிட்ட மருந்தில் ஒரு பங்கும், அதைத் தாங்கிப் பிழைத்த கிருமியும் மலத்தோடு வெளியேறுகின்றன. சாக்கடைக்குப் போகின்றன, அங்கிருந்து ஆற்றுக்கு. காவிரித் தண்ணீரைச் சோதித்த சென்னை ஐ.ஐ.டி.க்காரர்கள் அதில் சிப்ரோபிளாக்சசின் முதலான மருந்துகளின் எச்சம் இருப்பதை 2021-ல் சொன்னார்கள். குடிதண்ணீரிலேயே இது வந்துவிட்டதற்குச் சாட்சி டெல்லி. மிக உயர்ந்த ஆன்டிபயாட்டிக்கையும் தாங்குகிற ஒரு சூட்சுமத்துக்கு என்.டி.எம்-1 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மற்ற மருந்து எதுவும் கேட்காதபோது பெரிய ஆஸ்பத்திரியில் கடைசியாக எடுக்கிற மருந்தையே அது தாங்கிவிடும். சென்னை ஆஸ்பத்திரி நோயாளிகளிடமும் அது இருப்பதாக 2010-ல் அறிக்கை வந்தது. மறு ஆண்டு வெளியான ஆராய்ச்சியில், டெல்லியில் குழாய்த் தண்ணீர் 50 இடத்தில் எடுத்ததில் 2 இடத்திலும், தெருவில் தேங்கின தண்ணீர் 171 இடத்தில் எடுத்ததில் 51 இடத்திலும் அந்தச் சூட்சுமம் அகப்பட்டது. தேங்கின தண்ணீரில் அதைச் சுமந்த கிருமிகளில் காலராக் கிருமியும் சீதபேதிக் கிருமியும் இருந்தன. ஆஸ்பத்திரிக்குள் இருப்பதாக நினைத்த சரக்கு தெருவுக்கு வந்துவிட்டது.

இப்படிப்பட்ட கிருமியுள்ள தண்ணியைக் குடித்தால் உடனே பேதியாகும் என்றில்லை. அது குடலில் போய்ச் சத்தமில்லாமல் குடியிருக்கும். ஆறு மாதம் கழித்துப் பிரசவத்துக்குப் போன பெண்ணுக்கோ, அறுவைச் சிகிச்சைக்குப் படுத்த பெரியவருக்கோ தொற்று உண்டானால், அப்போதுதான் டாக்டர் கொடுக்கிற மருந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்கும். மருந்துக்குக் கேட்காத கிருமியால் 2019-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் ஏறக்குறைய 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். "பேதி வந்தா மாத்திரை இருக்கு" என்ற தைரியத்தில் இத்தனை காலம் தண்ணீரில் அசட்டையாக இருந்தோம். அந்தத் தைரியம் இனிமேல் செல்லாது.

ஆனால் ஒரு நல்ல சேதி இருக்கிறது, இதை முக்கியமாக மனதில் வையுங்கள். இந்தக் கிருமி தாங்குவது மாத்திரையை மட்டும்தான். கொதிக்கிற தண்ணியை இதனால் தாங்க முடியாது. குளோரினுக்கும் மற்றக் கிருமி மாதிரியே சாகும். சாதுவான கிருமிக்கு ஒரு கொதி, முரட்டுக் கிருமிக்கு இரண்டு கொதி என்று கிடையாது. தளதளவென்று கொப்புளம் எழும்பி ஒரு நிமிஷம் கொதித்தால் எல்லாம் காலி. காய்ச்சின பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுங்கள். ஆறின தண்ணியைக் கழுவாத குடத்தில் ஊற்றினால் காய்ச்சின விறகு வீண்.

தினமும் காய்ச்ச விறகுக்கும் கேஸுக்கும் எங்கே போவது என்பவர்களுக்கு, நம் பக்கத்தில் காசில்லாமல் கிடைக்கிற ஒரு சரக்கு உண்டு: வெயில். நிறமில்லாத பிளாஸ்டிக் பாட்டில், இரண்டு லிட்டருக்கு மேல் வேண்டாம், கழுவித் தெளிந்த தண்ணியை நிரப்பி மூடி, மச்சு மேலேயோ தகரத்தின் மேலேயோ படுக்க வைத்து விடுங்கள். 6 மணி நேரம் நல்ல வெயில் போதும். மேகமூட்டமானால் இரண்டு நாள் வைக்க வேண்டும். தண்ணி கலங்கலாக இருந்தால் வெயில் உள்ளே இறங்காது, தெளிய வைத்து ஊற்ற வேண்டும். வேலூரில் சின்னக் குழந்தைகள் 100 பேரை வைத்து இதைச் செய்து பார்த்து 2006-ல் வெளியிட்டார்கள். வெயில் காட்டின தண்ணி குடித்த பிள்ளைகளுக்குப் பேதி சுமார் 40 சதவீதம் குறைந்தது. வீட்டில் கைப்பிள்ளை இருந்தால் அதற்காவது இரண்டு பாட்டில் வையுங்கள்.

பாத்திரத்தில் குடமே உத்தமம். வாய் குறுகலானது, சாய்த்து ஊற்றலாம், கை உள்ளே போகாது. பெரிய அண்டாதான் ஆபத்து. அண்டாவை விட முடியாதென்றால், நீளக் காம்புள்ள அகப்பை ஒன்றை அதற்கென்றே ஆணியில் தொங்கவிட்டு, அதால் மட்டும் மோருங்கள். குழாய் வைத்த பாத்திரம் வாங்க வசதியிருந்தால் இன்னும் நல்லது. கேன் தண்ணி வாங்குகிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: அது உப்பை எடுத்த தண்ணி. கேனை எப்படிக் கழுவினார்கள், அதற்கு மேல் நீங்கள் எதில் ஊற்றி வைத்தீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

ஊர்த்தொட்டிக்கு வருவோம். 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. 30 ஆயிரம் லிட்டர் தொட்டி என்றால் 120 கிராம். வாளியில் கரைத்துத் தெளிய வைத்து, தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத் திறந்துவிட வேண்டும். மூட்டை வாய் திறந்து கிடந்த பவுடரில் சத்துப் போயிருக்கும். பல ஊர்களில் நடக்கிற வேடிக்கை என்னவென்றால், தொட்டி ஆபரேட்டர் ஒழுங்காகப் போட்டால் "தண்ணியில மருந்து வாடை அடிக்குது, காப்பி நல்லால்லை" என்று அவரோடு சண்டைக்குப் போகிறோம். அவரும் நமக்கு ஏன் வம்பு என்று விட்டுவிடுகிறார். குழாயில் இலேசான வாடை வந்தால்தான் கடைசி வீடுவரை காவல் இருக்கிறது என்று அர்த்தம். அவரைத் திட்டாதீர்கள், வாடை வராத அன்றைக்கு வேண்டுமானால் கேளுங்கள்.

கால்நடை விஷயத்திலும் ஒரு வார்த்தை. ஆட்டுக்குக் கழிச்சல் கண்டால் மனுஷனுக்கு வாங்கின மாத்திரையைப் பொடித்து ஊற்றுவதும், கோழித் தண்ணியில் மருந்துப் பொடி கலந்து வைப்பதும் நம்மிடம் பழக்கமாகிவிட்டது. மனிதருக்குக் கடைசிப் புகலாக இருக்கிற கொலிஸ்டின் என்ற மருந்தைக் கோழிக்கும் கால்நடைக்கும் கொடுக்கக் கூடாதென்று மத்திய அரசு 2019-ல் தடை போட்டது. கிடையின் சாணமும் கோழி எருவும் மழையில் கரைந்து எங்கே போகும்? ஊருணிக்குத்தான். கால்நடை மருத்துவர் சொல்லாமல் ஆன்டிபயாட்டிக் கொடுக்காதீர்கள்.

பிள்ளைக்குப் பேதி கண்டால் முதலில் தேடவேண்டியது மாத்திரை அல்ல, தண்ணீரும் உப்பும் சர்க்கரையும். சின்னப் பிள்ளைகளின் பேதியில் பெரும்பாலானது ஆன்டிபயாட்டிக்குக்குச் சம்பந்தமே இல்லாத வைரஸால் வருவது. உயிரைக் கொண்டுபோவது உடம்பில் தண்ணி வற்றிப்போவதுதான். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்குக் குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துபோனபோது, திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர் உப்பு, சர்க்கரைக் கரைசலை டிரம்மில் கலக்கிக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் உப்புக் கரைசல் பொட்டலம் கிடைக்கும், நர்ஸம்மாவிடம் துத்தநாக மாத்திரையும் கேட்டு வாங்குங்கள். பொட்டலம் கையில் இல்லையென்றால், காய்ச்சி ஆறின ஒரு லிட்டர் தண்ணியில் தலைதட்டின சின்னக் கரண்டியால் 6 கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. அளவு கூடக் கூடாது. தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்தாதீர்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், கண் குழிவது, பிள்ளை குடிக்க மாட்டாமல் துவளுவது, இதில் ஒன்று கண்டாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதினால், சொன்ன நாள்வரை சொன்ன அளவில் கொடுங்கள். அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று அடையாளம்.

உங்கள் தண்ணீர் எப்படி இருக்கிறதென்று நீங்களே பார்க்க வழியிருக்கிறது. குவாலியரில் உள்ள ராணுவ ஆராய்ச்சிக் கூடத்து விஞ்ஞானிகள் 1982-ல் ஒரு சின்னக் குப்பிச் சோதனையைச் சொன்னார்கள். குப்பிக்குள் மருந்து தோய்த்த தாள் இருக்கும். கோடு வரை தண்ணி ஊற்றி மூடி, ஒன்றிரண்டு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். மலக் கலப்பு இருந்தால் தண்ணி நம் கரிசல் மண் மாதிரிக் கறுத்துவிடும். குடிநீர் வடிகால் வாரியம் ஊராட்சிகளுக்குக் கொடுக்கிற சோதனைப் பெட்டிகளில் இந்தக் குப்பி இருக்கும். ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். மார்ச் 22, தண்ணீர் தினத்தன்று நம் மாநிலத்தில் கிராமசபை கூடுகிறது. ஊர்த்தொட்டிச் சோதனை முடிவை அங்கே வாசிக்கச் சொல்லலாம். கேட்கும்போது இரண்டு குப்பியாகக் கேட்டு வாங்குங்கள். ஒன்றில் குழாயிலிருந்து நேரே பிடித்த தண்ணி, மற்றதில் மூன்றாம் நாள் உங்கள் வீட்டுக் குடத்துத் தண்ணி. இரண்டும் கறுத்தால் தொட்டியையும் குழாயையும் பார்க்க வேண்டும். குழாய்த் தண்ணி அப்படியே இருந்து குடத்துத் தண்ணி மட்டும் கறுத்தால், அகப்பைக்கு ஆணி அடிக்க வேண்டிய இடம் உங்கள் அடுப்படிச் சுவர்.